எந்த உயரத்தில் அளந்தது என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலைவனத்தில் தரையை ஒட்டி வீசும் காற்றின் கொந்தளிப்பை, அதாவது அது ஒழுங்கில்லாமல் சுழன்று துள்ளுவதை, எப்படி அளக்கிறார்கள் என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை இரண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறது, சொல்லாமல் விட மனசு வரவில்லை. பாலைவனம் என்றால் மரம் கிடையாது, கட்டடம் கிடையாது, ஒரு கம்பத்தை நட்டுக் கருவியை மாட்டினால் வேலை முடிந்தது என்கிற தொனி முதல் சறுக்கல். அடுத்தது, கொந்தளிப்பு இவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது. அதை எந்த உயரத்தில் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எவ்வளவு நேரத்துச் சராசரி அது என்று கட்டுரையில் எங்கேயும் காணோம். இந்த மூன்றும் தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கருவிகளோடு கொஞ்ச காலம் மல்லுக்கட்டியவன் என்பதால் நான் எழுதுவது சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் இருந்து தொடங்குகிறேன். கோடை நண்பகலில் பாலை மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஈரானின் லூட் பாலைவனத்தில் 2005-ஆம் ஆண்டு செயற்கைக்கோள் 70.7 டிகிரி என்று பதிவு செய்தது (அது தரையின் வெப்பம், காற்றின் வெப்பம் இல்லை). மணல் இப்படிக் கொதிக்கும்போது ஆள் உயரத்தில் காற்று நாற்பதைச் சற்றுத் தாண்டி நிற்கும், அவ்வளவுதான். அதாவது இரண்டு மீட்டருக்குள் இருபது டிகிரி விழுகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் சில சென்டிமீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. நன்றாகக் கலந்த வறண்ட காற்று மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதோடு ஒப்பிட்டால் தரையை ஒட்டிய அந்த இரண்டு மீட்டரில், சும்மா சராசரி போட்டால்கூட, ஆயிரம் மடங்கு வேகத்தில் வெப்பம் குறைகிறது. சூடான காற்று கட்டி கட்டியாகக் கிளம்பி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழே இறங்க, நடுவில் மாட்டிய மெல்லிய வெப்பமானி சில நொடிகளுக்குள் ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியைக் காற்று எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறும். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம் போகும் ஒளிக்கதிர் இப்படிப்பட்ட கட்டிகள் ஆயிரக்கணக்கானவற்றை ஊடுருவிப் போகவேண்டும், ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவிடும். தூரத்தில் இருக்கும் பாறை நெளிவதும், விளிம்பு கலங்கித் தெரிவதும் இதனால்தான். இதை எண்ணாக்குவதற்கு ஒளியியல்காரர்கள் வைத்திருக்கும் அளவுரு ஒன்று உண்டு, பேச்சில் சி-என்-ஸ்கொயர் என்று சொல்வோம். காற்றின் ஒளிவிலகல் எண் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு அது. கொந்தளிப்பு மிகக் குறைவாக இருந்தால் 10-இன் மைனஸ் 17-ஆம் அடுக்கு, பாலைவன நண்பகலில் தரையை ஒட்டி 10-இன் மைனஸ் 13, மைனஸ் 12-ஆம் அடுக்கு வரைக்கும் போகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம் வரக்கூடிய ஒரு அளவை ஒற்றை எண்ணில் சொன்னால் வாசகர் அதில் இருந்து என்ன தெரிந்துகொள்வார்?

சரி, உயரம் எவ்வளவு மாற்றிவிடும் என்று பார்க்கலாம். பகலில் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த அளவுரு உயரத்தின் மைனஸ் மூன்றில் நாலு (-4/3) அடுக்காகக் குறையும். 1971-இல் வின்கார்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிக் காட்டிய விதி இது, இன்றைக்கும் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டரில் எடுத்த அளவு நாலு மீட்டரில் பாதிக்கும் கீழே, நாற்பது சதவீதம்தான் இருக்கும். இருபது மீட்டருக்குப் போனால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே பாலைவனம், ஒரே நாள், ஒரே நிமிடம், கருவியை மட்டும் மேலே ஏற்றினால் போதும், எண் இப்படிச் சரிந்துவிடும். உங்கள் கட்டுரையில் உள்ள எண் ஒன்றரை மீட்டரில் எடுத்ததா, முப்பது மீட்டர் டவர் உச்சியில் எடுத்ததா என்று தெரியாதவரை, இன்னொரு பாலைவனத்து எண்ணோடு அதை ஒப்பிட்டு எழுதியிருப்பதற்கும் அர்த்தம் கிடையாது.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் பரனால் மலை மீது ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தின் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நாலு இருக்கின்றன. வானம் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று பார்க்கப் பக்கத்திலேயே சின்னத் தொலைநோக்கி ஒன்றைக் கம்பத்தின் மேல் வைத்திருந்தார்கள். வருஷம் போகப் போக அந்தச் சின்னக் கருவி, வானம் மோசமாகிக்கொண்டே வருகிறது என்றது. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களிலோ அப்படி ஒரு சீரழிவு தெரியவில்லை. 2008-இல் இதைத் துருவிப் பார்த்து எழுதினார்கள்: கோளாறு பெரும்பாலும் தரையை ஒட்டிய மெல்லிய காற்று அடுக்கில் இருக்கிறது, சின்னக் கருவி அதற்குள்ளேயே நிற்கிறது, உயரமான கூண்டுக்குள் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் அதற்கு மேலே பார்க்கின்றன. கருவி பொய் சொல்லவில்லை, தான் நிற்கிற உயரத்தின் உண்மையைச் சொன்னது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இடத்திலேயே இப்படி என்றால், செய்தித்தாளில் உயரத்தை விட்டுவிடுவது எவ்வளவு தூரம் ஆளைத் திசைதிருப்பும் என்று யோசியுங்கள்.

நேரமும் அப்படித்தான். பாலைவனத்தில் ஒரு முழு நாளுக்கு இந்த அளவுருவை வரைந்தால் ஒரு அழகான வடிவம் வரும், பார்த்தவர்களுக்கு மறக்காது. நண்பகலை ஒட்டிப் பெரிய மேடு. சூரியன் உதித்துச் சற்று நேரம் கழித்து ஒரு ஆழமான பள்ளம், மாலையில் மறைவதற்குச் சற்று முன்னால் இன்னொரு பள்ளம். இரவெல்லாம் நடுத்தரமாக, ஒழுங்கில்லாமல் துள்ளிக்கொண்டு. அந்த இரண்டு பள்ளங்களும் ஏன் என்றால், காலையில் தரை காற்றைவிடக் குளிராக இருந்து சூடாக மாறும் கட்டம் அது, மாலையில் அதற்கு எதிர்மாறு. இடையில் ஒரு சின்ன நேரம் தரைக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசமே இருக்காது. காற்று வீசிக்கொண்டுதான் இருக்கும், சுழல்கள் இருக்கும், ஆனால் கலக்குவதற்கு வெப்ப வேறுபாடு இல்லாததால் ஒளியைப் பொறுத்தவரை காற்று கண்ணாடி போல ஆகிவிடும், நண்பகல் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். லேசர் வழித் தகவல் தொடர்பு, தொலைதூரக் கேமரா என்று யாராவது பாலைவனத்தில் செய்துகாட்டி, படம் தெள்ளத்தெளிவாக வந்தது என்று அறிக்கை விட்டால் நான் முதலில் பார்ப்பது எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்பதைத்தான். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னால் என்று இருந்தால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

இப்போது அந்தக் காலியான இடம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. தரையை ஒட்டிய காற்றுக்கு மோனின், ஒபுகோவ் என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் 1954-இல் ஒரு கோட்பாடு கொடுத்தார்கள். தரை சமமாக, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால், உராய்வையும் மேலே போகும் வெப்பத்தையும் உயரத்தையும் வைத்தே மற்ற எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம் என்பது அதன் சாரம். அதைச் சோதிக்கச் சமதரை தேடித்தான் 1968-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், அறுவடை முடிந்த கோதுமை வயலில் 32 மீட்டர் டவர் நட்டு அளந்தார்கள். பிறகு அதே காரணத்துக்காக யூட்டா மாநிலத்தின் டக்வே உப்புப் பாலைவனம் பிரபலமானது. பல கிலோமீட்டருக்குப் பலகை போட்டது போலச் சமதரை, குறுக்கே ஒரு புதர்கூடக் கிடையாது. காற்றுச் சுரங்க ஆய்வகங்களில் எட்டவே முடியாத ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்பதைக் காட்டும் எண்) அங்கே இலவசமாகக் கிடைக்கும். இந்தியாவில் 1990-இல் மான்ட்பிளெக்ஸ் என்ற பருவமழைக் காற்று ஆய்வில் நட்ட நாலு 30 மீட்டர் டவர்களில் ஒன்று தார் பாலைவன விளிம்பில் ஜோத்பூரில் இருந்தது, மற்றவை தில்லி, வாரணாசி, கரக்பூர். ஈரமான கங்கைச் சமவெளிக்கும் வறண்ட மேற்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மாதிரிக் கருவிகளால் பிடிக்கவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஆனால் காலி என்பதும் ஒரே மாதிரி என்பதும் வேறு வேறு. பத்து மீட்டர் உயரத்தில் மாட்டிய கருவி தன் காலடியில் உள்ள மணலைப் பார்ப்பதில்லை, காற்று வரும் திசையில் ஏறத்தாழ நூறு மடங்கு தூரம், அதாவது ஒரு கிலோமீட்டர் வரை உள்ள தரையின் விளைவைப் பார்க்கிறது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வெளிர் உப்புப் பரப்பு ஒரு துண்டு, கருத்த சரளைத் துண்டு ஒன்று, போன மழையில் இன்னும் ஈரம் காயாத பள்ளம் ஒன்று என்று இருந்தால், காற்று பத்து டிகிரி திசை மாறினாலே அளவும் மாறிவிடும். டக்வேயிலேயே குளிர்காலத்தில் உப்புத் தரையில் தண்ணீர் தேங்கும், காய்ந்த பிறகு மேலோடு வெடித்து விளிம்புகள் நிமிரும், தரையின் சொரசொரப்பு பருவத்துக்குப் பருவம் வேறு. போதாக்குறைக்கு நாமே போய்க் கெடுக்கிறோம். கருவி கொண்டுபோன வண்டியின் சக்கரம் மேலோட்டை உடைத்தால் அந்தத் தடத்தில் இருந்து புழுதி கிளம்பத் தொடங்கும். கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடு, கருவிக்கு நேர் கீழே இருந்தால் அதுவே சூடாகி ஒரு தனி வெப்பத் தூணை மேலே அனுப்பும், பாலைவனத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு தகட்டை அளந்துகொண்டிருப்போம். நல்ல குழுவினர் தகட்டையும் பேட்டரிப் பெட்டியையும் காற்று போகும் பக்கத்தில் தள்ளி வைப்பார்கள். அப்புறம் பறவை. பல கிலோமீட்டருக்கு உட்கார இடமே இல்லாத வெளியில் நம் கம்பம் ஒன்றுதான் நிற்கிறது, அது எங்கே போய் உட்காரும்?

கருவிகளைப் பற்றிக் கட்டுரை நாலு வரியில் முடித்துவிட்டது, அதுதான் எனக்கு ரொம்ப ஏமாற்றம். சுவாரசியமே அங்கேதான். முக்கியமான கருவி சோனிக் அனிமோமீட்டர், ஒலியை வைத்துக் காற்றின் வேகத்தை அளப்பது. சுழலும் கிண்ணம் எதுவும் கிடையாது. எதிரெதிரே இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே மீயொலித் துடிப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அனுப்பி, போக எடுக்கும் நேரத்தை அளக்கும். காற்றோடு போகும் துடிப்பு சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது தாமதமாகும், அந்த வித்தியாசத்தில் இருந்து காற்றின் வேகம் வரும். மூன்று திசையில் மூன்று ஜோடி வைத்தால் காற்றின் மூன்று கூறுகளும் கிடைக்கும். பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு அரை மில்லிநொடிகூட ஆகாது, அதனால் நொடிக்கு 10, 20 முறை அளப்பது சுலபம். இரண்டு நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒலியின் வேகமும், அதில் இருந்து காற்றின் வெப்பமும் தெரியும், ஒரு டிகிரி ஏறினால் ஒலி நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும். இந்த வெப்ப அளவில் ஈரப்பதம் புகுந்து குழப்புவது வழக்கம், பாலைவனத்தில் ஈரமே குறைவு என்பதால் அந்தத் தொல்லை அங்கே பெரும்பாலும் இல்லை. பாலைவனம் அளப்பவருக்குச் செய்யும் ஒரே உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

காற்றின் மேல்கீழ் வேகமும் வெப்பமும் ஒன்றாகத் துள்ளுவதைப் பெருக்கிச் சராசரி எடுத்தால் தரையில் இருந்து மேலே போகும் வெப்பம் எவ்வளவு என்று வந்துவிடும், எடி கோவேரியன்ஸ் என்று சொல்வது அதைத்தான். கேட்க எளிது. ஆனால் கம்பம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் கிடைமட்டக் காற்றின் ஒரு பங்கு மேல்கீழ்க் காற்றாகக் கணக்கில் ஏறிவிடும், உராய்வு அளவு கண்டபடி மாறும். அதைக் கணக்கில் திருத்த வழிகள் உண்டு, அந்த வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடையும் கொஞ்சம் மாறும். இன்னொரு சிக்கல், கருவியின் பாதை நீளம். வளிமண்டலத்தில் மிகச் சிறிய சுழல் ஒரு மில்லிமீட்டர் அளவு. பதினைந்து சென்டிமீட்டர் பாதை அதைவிடச் சிறிய எல்லாவற்றையும் சராசரியில் கரைத்துவிடும். தரையில் இருந்து உயரம் குறையக் குறைய வெப்பத்தைச் சுமக்கும் சுழல்களின் அளவும் சுருங்கும். அதனால் ஒன்றரை மீட்டருக்குக் கீழே சோனிக்கை இறக்கினால் அது பார்க்கவேண்டியதில் பெரும்பகுதியைப் பார்க்காமலே விட்டுவிடும். கொந்தளிப்பு உச்சத்தில் இருப்பதோ அந்த முதல் அரை மீட்டரில். முக்கியமான இடத்தில் முக்கியமான கருவியை வைக்கவே முடியாது.

அங்கே வைக்க முடிந்தது வெப்பத்தை அளக்கும், மயிரிழையைவிட மெல்லிய வெப்ப இணைக்கம்பி, அல்லது ஹாட் வயர் (சூடாக்கிய கம்பி எவ்வளவு குளிர்கிறது என்பதில் இருந்து காற்றின் வேகத்தை எடுப்பது). மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கும். ஆனால் ஒரு மணல் துகள் பட்டால் அறுந்துவிடும், அறுகாவிட்டாலும் தூசி படிந்து அளவு நகர்ந்துகொண்டே போகும், திரும்பத் திரும்ப ஒப்பிட்டுச் சரிசெய்யவேண்டும். காற்று ஓங்கி வீசி மணல் துள்ளத் தொடங்கும் நேரம்தான் அளக்க வேண்டிய நேரம், கம்பி அறுவதும் அப்போதுதான். புழுதி எப்போது கிளம்பும் என்று முன்கூட்டிச் சொல்ல நினைப்பவர்களுக்கு இந்தத் தரவு இல்லாமல் கதை நகராது, ஆனாலும் இதில் நல்ல தரவு இன்னும் அரிதுதான்.

சிண்டிலோமீட்டர் வேறு ரகம். ஒரு முனையில் அகச்சிவப்பு ஒளி அனுப்பும் கருவி, சில நூறு மீட்டரோ சில கிலோமீட்டரோ தள்ளி வாங்கும் கருவி, நடுவில் ஒளி எவ்வளவு மினுங்குகிறது என்று பார்த்து முழுப் பாதைக்கும் சராசரிக் கொந்தளிப்பைத் தரும். ஒரு கம்பத்தின் புள்ளி அளவைவிட இது நம்பகமாகத் தோன்றும், பல விஷயங்களில் நம்பகமானதும்கூட. ஆனால் பெரிய துளை உள்ள வகைகளில் பாதையின் நடுப்பகுதிக்குத்தான் அதிக எடை, இரண்டு முனைகளுக்கும் குறைவு. நடுவில் தரை ஒரு பள்ளமாக இருந்தால் ஒளிப்பாதை அங்கே உயரத்தில் போகும், எண் குறையும். பாலைவன நண்பகலில் தாழ்வாக நீண்ட பாதை வைத்தால் மினுக்கம் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும், கொந்தளிப்பு கூடினாலும் கருவிக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு: வெப்பம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று இதற்குச் சொல்லத் தெரியாது. பகலா இரவா என்று மற்றொரு கருவி சொன்னால்தான் கணக்கு போட முடியும். ஆகவே உங்கள் கட்டுரையில் சிண்டிலோமீட்டர் சோனிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டது போல எழுதியிருப்பது சரியில்லை, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு நேரச் சராசரி. வழக்கமாக 30 நிமிடம். பாலைவனத்துக்கு அது போதுமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். காரணம் சொல்கிறேன். கோடைப் பகலில் பாலைவனத்தின் மேல் கலங்கும் காற்று அடுக்கு நாலு கிலோமீட்டர் உயரம் வரை வளரும், சகாராவில் ஐந்தாறு கிலோமீட்டரும் உண்டு. அதற்குள் உருளும் பெரிய சுழல்களின் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழே இருந்து மேலே ஒரு முறை போக 1,600 நொடி ஆகும், கிட்டத்தட்ட 27 நிமிடம். அதாவது நம் அரை மணி நேரச் சராசரிக்குள் அந்தப் பெரிய சுழல் ஒரே ஒரு தரம்தான் வந்து போகிறது. ஒரே தரம் வந்ததை வைத்துச் சராசரி என்று சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான். நேரத்தை இரண்டு மணியாக நீட்டலாம் என்றால் அதற்குள் வெயில் ஏறி நிலைமையே மாறிவிடும். இதோடு டெய்லர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1938-இல் சொன்ன ஒரு வசதியான அனுமானமும் இருக்கிறது: சுழல் மாறாமல் அப்படியே காற்றோடு நகர்ந்து கருவியைக் கடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், நேரத்தில் அளந்ததைத் தூரமாக மாற்றிக்கொள்ளலாம். நொடிக்கு ஐந்து மீட்டர் காற்று என்றால் 20 தரம் அளக்கும் கருவி 25 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி எடுக்கிறது, நல்லது. காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்கு விழுந்து, துள்ளலும் அதே அளவுக்கு இருக்கும் பாலைவன மதியத்தில், சுழல் கருவியைக் கடப்பதற்குள்ளேயே உருமாறிவிடுமே?

இத்தனைக்கும் பிறகு, வெப்பக் கணக்கு நேராகிறதா என்று பார்த்தால் அதுவும் ஆவதில்லை. சூரியனிடம் இருந்து தரை நிகரமாகப் பெற்றது, மண்ணுக்குள் போனது, காற்றுக்குப் போனது, நீராவியாகப் போனது, இவை கூடிக் கழியவேண்டும். உலகமெங்கும் அளக்கும் நிலையங்களில் பத்தில் இருந்து முப்பது சதவீதம் வரை கணக்கில் வராமல் தொங்குகிறது. பயிர் நிலத்தில் ஆவியாதலைக் காட்டித் தப்பிக்கலாம். பாலைவனத்தில் நீராவி ஏறத்தாழ இல்லை, அப்போதும் பல இடங்களில் இடைவெளி இருக்கிறது. மண்ணில் புதைத்த வெப்பத் தகட்டுக்கும் மேற்பரப்புக்கும் நடுவே உள்ள சில சென்டிமீட்டர் மணல் பகலில் தேக்கி வைக்கும் வெப்பத்தைச் சரியாகச் சேர்க்காதது ஒரு காரணம், நான் மேலே சொன்ன பெரிய சுழல்களைத் தவறவிடுவது இன்னொரு காரணம். இதை மறைக்கத் தேவையில்லை. எண்ணோடு சேர்த்துப் பிழை எவ்வளவு என்றும் போட்டால் வாசகர்கள் ஒன்றும் ஓடிவிட மாட்டார்கள்.

புழுதிச் சுழல்களைப் பற்றி இரண்டு வார்த்தை. மதியத்தில் ஒன்று கம்பத்தின் மேலேயே ஏறிப்போனால் அழுத்தம் சட்டென்று விழும், காற்றுத் திசை ஒரு சுற்றுச் சுற்றும், வெப்பம் கூர்முனை போல எழும். தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருளில் பல, இதைப் பிழை என்று வெட்டி எறிந்துவிடும்! பாலைவனத்துக்கே உரிய நிகழ்வை, வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று தூக்கிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. செவ்வாய்க் கோளை ஆராய்பவர்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அங்கே இறங்கிய நாசாவின் இன்சைட் கலம் அழுத்தச் சரிவுகளை வைத்தே ஆயிரக்கணக்கான சுழல்களைப் பிடித்தது. பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் 2.1 மீட்டர் உயரத்து மைக்ரோஃபோன், பாறை மீது லேசர் அடிக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்தில் இருந்து ஒலியின் வேகத்தையும், அதன் துள்ளலில் இருந்து அங்கத்திய காற்றின் வெப்பத் துள்ளலையும் எடுத்தது. 2021 செப்டம்பர் 27 அன்று ஒரு புழுதிச் சுழல் அதன் மேலேயே கடந்து போனது, துகள்கள் மோதும் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது.

கடைசியாக, இந்தத் தலைப்பில் அடுத்த கட்டுரை போடுவதாக இருந்தால் இரவைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். மேகம் இல்லாத வறண்ட வானத்தின் கீழ் மணல் வேகமாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிக் குளிர்ந்த கனமான காற்று அடுக்கு ஒன்று படிகிறது. பத்து மீட்டருக்குள்ளேயே பல டிகிரி வித்தியாசம் வந்துவிடும், இந்தத் தடவை கீழே குளிர், மேலே சூடு. கொந்தளிப்பு நின்றுபோன மாதிரி மணிக்கணக்கில் இருந்துவிட்டு, சில நூறு மீட்டர் மேலே ஓடும் வேகக் காற்றோடையில் இருந்து ஒரு வெடிப்பு கீழே இறங்கி எல்லாவற்றையும் கலக்கிவிட்டுப் போகும், பிறகு மறுபடி அமைதி. இரவு முழுவதும் போன வெப்பத்தில் பெரும்பங்கு இப்படி ஒன்றிரண்டு வெடிப்புகளுக்குள் போயிருக்கும். இங்கே 30 நிமிடச் சராசரி நீளம் அதிகம், சில நிமிடங்களுக்குச் சுருக்கவேண்டும். மோனின்-ஒபுகோவ் கோட்பாடும் இந்த நிலையில் தடுமாறும். சிறு சரிவு இருந்தாலே போதும், குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி அதில் வழியத் தொடங்கி, ஐந்து மீட்டரில் ஒரு திசையிலும் இருபது மீட்டரில் வேறொரு திசையிலும் வீசும். பகலுக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே இரவுக்கும் போட்டு வரைபடம் தரும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், உங்கள் கட்டுரையாளரிடமும் அப்படி ஒன்று வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிகாலை 4 மணிக்கு நாலைந்து உயரங்களில் எடுத்த வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் எத்தனை மீட்டர் என்று எழுதி.

இப்படிக்கு,
காற்றளவைக் கருவிகளோடு வேலை செய்த ஒரு வாசகர்